எலக்ட்ரிக் செயின் சாவை வீட்டிலேயே ஆபத்தில்லாமல் பராமரிப்பது எப்படி?

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்ததில் எங்கள் தோப்பில் பாதி மரம் சாய்ந்துவிட்டது. அப்போது வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பெட்ரோல் மிஷின் வைத்திருந்தவர்கள்தான் வந்து அறுத்துக் கொடுத்தார்கள். கரண்ட் வந்தபிறகு, மிச்சம் கிடந்த மரங்களுக்காக 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) உள்ள எலக்ட்ரிக் மிஷின் ஒன்று வாங்கினேன். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. நீங்கள் புதிதாக வாங்கியிருப்பதாகவும், கடைக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள விரும்புவதாகவும் எழுதியிருப்பதால், என் கைப்பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மிஷினில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. வீட்டில் யாராவது வேறு எதற்கோ அந்த சுவிட்சைப் போட்டுவிடலாம். பிடுங்கிய பிளக்கை உங்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மிஷின் பக்கத்திலேயே வையுங்கள். ஒருமுறை என் மச்சான் பிளக் செருகியபடியே செயினை இறுக்கிக்கொண்டிருந்தார். மிஷினைத் திருப்பி வைக்கக் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபோது, லாக் பட்டனும் சுவிட்சும் ஒருசேர அமுங்கிவிட்டன. கையுறையின் நுனி கிழிந்ததோடு போயிற்று. அன்றிலிருந்து பிளக்கைப் பார்க்காமல் எங்கள் வீட்டில் யாரும் மிஷினைத் தொடுவதில்லை. பேட்டரி மிஷின் என்றால் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தடித்த கையுறை வேண்டும். நின்றுகிடக்கும் செயினும் விரலைக் கிழிக்கும்.

அடுத்தது கூர்மை. கூரான பல்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் மழுங்கின செயின்தான் ஆளைக் காயப்படுத்தும். அது வெட்டாததால் நாம் அழுத்துகிறோம். அழுத்தும்போது பாரின் நுனி எங்காவது இடித்தால் மிஷின் நம் முகத்தை நோக்கி எகிறும். நுனியின் மேல் பாதி எதன்மேலும் படக்கூடாது என்று சொல்வது இதனால்தான். செயின் மழுங்கிவிட்டதா என்பதைத் தூளைப் பார்த்தே சொல்லிவிடலாம். நல்ல செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கினது மாவு மாதிரி தூள் கொட்டும், புகையும் வரும். வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால், ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம்.

தென்னை, பனை அறுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த மரங்களில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் தேயும். வேம்பு அறுக்கும்போது நாள் முழுக்கத் தாங்குகிற செயின், தென்னையில் சில துண்டுகளிலேயே தளர்ந்துவிடும். வீட்டோரத்து மரமென்றால் துணிக்கொடி கட்ட அடித்த ஆணி உள்ளே புதைந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். தரையில் கிடக்கும் மரத்தை அறுக்கும்போது செயின் ஒரு நொடி மண்ணைத் தொட்டாலும் கூர் போய்விடும். அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி வைத்துக்கொண்டு அறுங்கள்.

சாணை பிடிக்க வட்ட அரம் வேண்டும், அளவு சரியாக இருக்க வேண்டும். வீட்டு மிஷின்களில் பெரும்பாலும் வருகிற 3/8 அங்குல லோ புரொஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரம்தான் வழக்கம். எதற்கும் மிஷினோடு வந்த புத்தகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு முதலில் ஒரு கடையில் தடித்த அரத்தைக் கொடுத்துவிட்டார்கள். அதை வைத்துத் தேய்த்ததில் பற்களின் வடிவமே மாறி, புதுச் செயின் வாங்க வேண்டியதாயிற்று.

செயின் பிரேக்கை, அதாவது முன்கை காப்பைத் தள்ளினால் செயினைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கைப் போட்டுச் செயின் நகராதபடி செய்துகொண்டு, முதல் பல்லில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். எங்கே தொடங்கினோம் என்பது தெரியாவிட்டால் சில பல்லை இரண்டு தடவை தேய்த்துவிடுவோம். அரத்தைப் பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, 30 டிகிரி சாய்வில் தள்ள வேண்டும். பல்லின் மேலேயே அந்தச் சாய்வைக் காட்டும் கோடு பல செயின்களில் இருக்கும். தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தடவை என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே தடவை. ஒரு பக்கத்துப் பற்களை எல்லாம் முடித்துவிட்டு, அப்புறம் மறுபக்கம் வந்து மற்றவற்றைத் தேயுங்கள். நாலைந்து முறை சாணை பிடித்தபின் பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டையும் தட்டை அரத்தால் லேசாக இறக்க வேண்டும். இதைக் கண்ணளவில் செய்யாதீர்கள். அதற்கென்று விற்கிற தகட்டை வைத்து, வழக்கமான 0.65 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் இறக்குங்கள். அதிகம் இறக்கினால் பல் மரத்தை ஒரேயடியாகக் கவ்வும், மிஷின் எகிறும்.

செயினின் இறுக்கத்தை எப்போதும் மிஷின் ஆறியிருக்கும்போது பாருங்கள். பாரின் நட்டைத் தளர்த்தி, நுனியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டே இறுக்க வேண்டும். பாரின் நடுவில் செயினை மேலே இழுத்தால் 3, 4 மில்லிமீட்டர் எழும்பி, விட்டதும் டக்கென்று உட்கார வேண்டும். கையால் இழுத்தால் தடையில்லாமல் சுற்றவும் வேண்டும். வேலை நடுவே சூட்டில் செயின் நீண்டு தொங்கும்போது இறுக்கினீர்களானால், வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது அது சுருங்கி பாரையும் உள்ளிருக்கும் தண்டையும் இழுத்துக் கெடுக்கும். புதுச் செயின் மாட்டும்போது, பாரின் மேல் விளிம்பில் பல்லின் கூர்முனை நுனியைப் பார்த்து இருக்கிறதா என்று கவனியுங்கள். வாங்கும்போது பழைய செயினைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரே 16 அங்குல பாருக்கே 56 கண்ணி, 57 கண்ணி என்று வேறுபாடு உண்டு.

ஆயில் விஷயத்தில் எங்கள் பக்கத்து வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. டிராக்டரிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுகிறார்கள். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, சின்ன ஆயில் பம்பை அடைத்துவிடும். செயின் சுற்றும்போது அது கையிலும் முகத்திலும் தெறிக்கிறது, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் அதில் உண்டு. செயினுக்கென்றே ஒட்டும் தன்மையோடு வருகிற ஆயிலை வாங்குங்கள். ஆயில் வருகிறதா என்று பார்க்க, நுனியை ஒரு வெள்ளை அட்டைக்கு மேல் கொஞ்சம் தள்ளிப் பிடித்து ஓட்டுங்கள். அட்டையில் மெல்லிய கோடு தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை என்றால் பாரைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய்த் துளையிலும் காடியிலும் தூள் இறுகியிருக்கும், கம்பியால் சுரண்டிவிட்டால் சரியாகும். கழற்றியபோதே பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிவிடுங்கள், இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்.

கரண்ட் பக்கம். 2000 வாட் மிஷின் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். டிவிக்குப் போடுகிற மெல்லிய எக்ஸ்டென்ஷன் இதற்கு ஆகாது. 2.5 சதுர மில்லிமீட்டர், எர்த் உள்ள மூன்று கம்பி கேபிள் போடுங்கள். சுருளை முழுதாக அவிழ்த்துவிடுங்கள், சுருட்டியபடி ஓட்டினால் கேபிள் சூடாகி உருகும். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருப்பது கட்டாயம் என்றே நான் சொல்வேன். கேபிளில் வெட்டுப்பட்டால் டேப் சுற்றிச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள். மோட்டாரின் காற்றுத் துளைகளை உலர்ந்த பிரஷ்ஷால் மட்டும் சுத்தம் செய்யுங்கள், தண்ணீர் படவே கூடாது. உள்ளே வழக்கத்தைவிட அதிகம் பொறி பறந்தால் கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் சிறு கார்பன் கட்டை) தேய்ந்திருக்கலாம். வெளியே மூடி இருக்கிற மாடலில் நாமே மாற்றலாம். மற்றதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் அறுக்கும் முன் செயின் பிரேக்கைச் சோதியுங்கள். மிஷினை ஓடவிட்டு முன்கை காப்பை மணிக்கட்டால் தள்ளினால் செயின் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை வேண்டாம். கைலி, தோளில் துண்டு, ரப்பர் செருப்பு இவற்றோடு இந்த மிஷினை எடுக்காதீர்கள்.

எடுத்து வைக்கும்போது ஆயிலை வடித்துவிட்டு, பாருக்கு உறை போட்டு, அடியில் ஒரு பழைய தட்டு வையுங்கள். நிறுத்தி வைத்த மிஷினிலிருந்து ஆயில் கொஞ்சம் கசியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் பரண்மேல், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் கீழே இறக்கி, சாணை பிடித்து, செயினைச் சரிபார்த்து வைத்துவிடுவேன்.