குஞ்சியம்மாவின் பதில்கள்: பிரிட்ஜ் கதவுக்குள்ளாலை ஒரு பிறந்தநாள்

கேள்வி: குஞ்சியம்மா, அடுத்த மாதம் லண்டனிலை இருக்கிற மகளிட்டைப் போறன். அவளுக்கு 30 வயது நிறையுது. அண்டு இரவு சிநேகிதப் பிள்ளையளோடை ‘ஒளிச்சு வைச்ச கொக்டெயில் பார்’ ஒண்டுக்குப் போகப்போறாளாம். அம்மாவும் வரவேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறாள். வெள்ளிக்கிழமை வேறை, நான் வெள்ளிக்கு மச்சம் தொடாத மனுசி. குடிக்கிற இடத்துக்கு நான் போறதோ? அதை ஏன் ஒளிச்சு வைச்சிருக்கினம்?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: பிள்ளை, மூண்டு வருசத்துக்கு முந்தி நானும் இதே முழிப்போடைதான் மகனுக்குப் பின்னாலை போனனான். பார்த்தால் தேத்தண்ணிக் கடை மாதிரி ஒரு இடம். மகன் அங்கை நிண்ட பெடியனுக்கு ஏதோ குசுகுசுத்தான். அவன் போய்ச் சுவரோரம் இருந்த பெரிய பிரிட்ஜைத் திறந்தான். உள்ளுக்குப் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. கீழை இறங்கிற படி! ‘முருகா’ எண்டு வாய்விட்டே சொல்லிப்போட்டன்.

ஒளிச்ச கதை அமெரிக்காவிலை இருந்து வருது. அங்கை 1920 தொடக்கம் 1933 வரை மது காய்ச்சிறதும் விக்கிறதும் தடை. வாயிலை விட்டுக் குடிக்கிறது மட்டும் குற்றமில்லை, அந்தப் பகிடியையும் கேளுங்கோ. சனம் கடைக்குப் பின்னாலையும் நிலவறையிலையும் கள்ளமாய் வித்துது. ‘மெல்லக் கதையுங்கோ’ எண்ட கருத்திலைதான் அந்த இடங்களுக்கு ‘ஸ்பீக்கீசி’ எண்டு பேர். கள்ளச் சரக்கின்ரை நாத்தத்தை மறைக்கப் தேசிப்புளியும் தேனும் கலந்தினம். முந்தின ‘சலூன்’ எண்ட குடிக்கடையளிலை பெரும்பாலும் ஆம்பிளையள்தான். இந்தக் கள்ள இடங்களிலைதான் பொம்பிளையளும் பக்கத்திலை இருந்து குடிச்சினம். இப்ப எல்லாம் விளையாட்டு. நியூயோர்க்கிலை 2007இலை திறந்த ‘பிளீஸ் டோன்ற் டெல்’ எண்ட பாருக்கு ஹொட் டோக் கடையிலை இருக்கிற ரெலிபோன் பூத்துக்குள்ளாலை போகவேணும். ‘தயவுசெய்து சொல்லாதேங்கோ’ எண்டு பேரை வைச்சு உலகம் முழுக்கச் சொல்லிப்போட்டினம்.

எங்கடை பக்கம் ஒளிச்சது பொலிசுக்கு இல்லை, வீட்டுக்கு. கள்ளு விக்கிற தவறணை றோட்டோரத்திலைதான் கிடந்தது, ஆனால் எங்கடை அப்பா அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டார், மரியாதை போயிடுமாம். பின்வளவிலை கிடுகு வேலியோடை குந்தியிருந்து, பனையோலைப் பிளாவிலை வார்த்துக் குடிப்பார். அம்மா கிணத்தடியிலை பானை கழுவிக்கொண்டு நிப்பா, காணாத மாதிரி. ஒரு பானையை அவ்வளவு நேரம் ஆர் கழுவுறது? விடிய அந்தப் பிளாவை மாடு திண்டிடும், சாட்சியும் இல்லை.

உங்கடை மகளும் ஒரு காலம் உங்களுக்கு ஒளிச்சுத்தான் இருப்பாள். இப்ப அவளே கதவைத் திறந்து ‘அம்மா வாங்கோ’ எண்டுறாள். போங்கோ பிள்ளை. கதிரையிலை இருந்ததுக்காக ஆரும் வாயிலை ஊத்தமாட்டினம்.

ஆனால் நாலு விசயம் விளங்கிக்கொண்டு போங்கோ. ‘லோங் ஐலண்ட் ஐஸ் ரீ’ எண்டு ஒண்டு இருக்கும். பேரிலையும் நிறத்திலையும்தான் தேத்தண்ணி. உள்ளுக்கு வொட்கா, ஜின், ரம், ரெக்கீலா எண்டு ஒரு குடும்பமே இருக்கு. தாகத்துக்கு எடுத்து மடமடவெண்டு குடிச்சிடாதேங்கோ. மது இல்லாததுக்கு ‘மொக்டெயில்’ எண்டு கேக்கவேணும். அதிலையும் வெள்ளிக்கிழமைக்காரர் கவனம்: மேலை வெள்ளையாய் நுரை நிண்டால் அது அனேகமாய் முட்டை வெள்ளைக்கரு. ‘வேர்ஜின் மேரி’ எண்ட தக்காளிச்சாறிலை மது இல்லை, ஆனால் அதுக்கு விடுகிற வூஸ்டர் சோஸிலை நெத்தலி மாதிரி ஒரு மீன் கிடக்கு. இது தெரியாமல் நான் முழுக்கக் குடிச்சு முடிச்சனான், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. கந்தன் மன்னிப்பான், என்ரை தங்கச்சி இன்னும் மன்னிக்கேல்லை.

விலையைப் பார்த்து ரூபாயிலை பெருக்காதேங்கோ, பிறகு தண்ணியும் இறங்காது. கண்ணாடியை மறக்காதேங்கோ, உள்ளுக்கு மெழுகுதிரி வெளிச்சம்தான். பிரிட்ஜ் கதவெண்டால் குனிஞ்சு போங்கோ. நான் நெத்தியை இடிச்சனான்.

கேள்வி: பேத்தியின்ரை பிறந்தநாளுக்கு வீட்டிலையே மது இல்லாத கொக்டெயில் ஏதும் குடுக்கலாமோ?
– ஓர் அம்மம்மா, அச்சுவேலி

பதில்: காலமை இறக்கின கருப்பணி, அதுதான் புளிக்காத பனஞ்சாறு, இருக்க வேறை என்னத்துக்கு? முட்டிக்கு உள்ளுக்குச் சுண்ணாம்பு பூசினதோ எண்டு வடிவாய்க் கேட்டு வாங்குங்கோ. பூசாட்டில் அது கள்ளு, பிறந்தநாள் வேறை மாதிரிப் போயிடும். மாங்காய்த் துண்டும் வையுங்கோ. பிளாவிலை வார்த்துக் குடுங்கோ, கிளாஸிலை குடுத்தால் அந்தக் குஞ்சுகள் திரும்பியும் பாராதுகள்.