பயிர் ஏன் வீணாகிறது? கேளுங்கள், சொல்கிறேன்

பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது மாதவரத்தில் இருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: "என்ன மருந்து அடிக்கலாம் சார்" என்று ஆரம்பிக்காதீர்கள். மண், தண்ணீர், பயிரின் வயது மூன்றையும் சொன்னால் பாதி கேள்விக்கு மருந்தே தேவைப்படாது.

பொன்னேரி: சம்பா நெல், 80 நாள் பயிர் சார். வயலுக்கு நடுவில் வட்டம் வட்டமாகக் காய்கிறது. பக்கத்து நிலத்தில் சைபர்மெத்ரின் அடித்தார்கள், அதற்கப்புறம் இன்னும் அதிகமாகிவிட்டது.

புகையான், அதாவது நெல்லின் அடித்தண்டில் சாறு உறிஞ்சும் பூச்சி மாதிரிதான் தெரிகிறது, ஆனால் உறுதி செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். காய்ந்த வட்டத்தின் ஓரத்தில் இன்னும் பச்சையாக இருக்கும் ஒரு குத்தைச் சாய்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். பழுப்பு நிறத்தில் எள் அளவுக்குப் பூச்சிகள் தண்ணீரில் விழுந்து பக்கவாட்டில் நகர்ந்தால் அதுதான். தூருக்கு, அதாவது குத்தில் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு பூச்சிக்கு மேல் இருந்தால் நடவடிக்கை வேண்டும். புகையானைத் தின்னும் சிலந்தி குத்துக்கு ஒன்றாவது தென்பட்டால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். பக்கத்து நிலத்தில் நடந்தது இந்தச் சிலந்தி விஷயம்தான். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் முதலில் சிலந்தியைக் காலி செய்யும், புகையான் அதற்குப் பிறகு கேட்பாரற்றுப் பெருகும். கடையில் விலை குறைவு என்று இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள்.

முதல் வேலை தண்ணீரை வடிப்பது. யூரியா மேலுரம் பாக்கி இருந்தால் இப்போது போடவே கூடாது. அதற்கும் அடங்கவில்லை என்றால் பைமெட்ரோசின் போன்ற புகையானுக்கான மருந்தை லேபிளில் உள்ள அளவுப்படி, குத்தின் அடியில் படும்படி அடியுங்கள். இலை மேல் மட்டும் தெளித்துவிட்டு வந்தால் காசுதான் நஷ்டம், ஏனென்றால் பூச்சி குடியிருப்பது அடியில். அடுத்த நடவில் எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம், அதாவது நடாத இடைவெளி விடுங்கள், காற்றும் வெயிலும் உள்ளே போகும். அந்த ஒரு அடி வீண் என்று நினைக்கிறவர்கள்தான் இந்த வட்டங்களைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறார்கள்.

மீஞ்சூர்: போர் தண்ணி உப்பு. வெண்டை, அவரை எல்லாம் இலை ஓரம் கருகுது. ஜிப்சம் போட்டா சரியாகுமா அண்ணே?

உங்கள் பக்கத்துக் கதை பழையது தம்பி. 1960களின் கடைசியிலிருந்து சென்னைக்குக் குடிதண்ணீர் எடுக்கக் கிணறுகள் போட்டார்கள், விவசாயத்துக்கும் எடுத்தோம், நிலத்தடி நீர் மட்டம் இறங்க இறங்கக் கடல் உள்ளே வந்துவிட்டது. இது ஒருவர் தோட்டத்தில் தீர்கிற பிரச்சினை இல்லை, சமாளிக்கத்தான் முடியும்.

ஜிப்சம் களர் மண்ணுக்குத்தான், அதாவது சோடியம் ஏறி இறுகிய மண்ணுக்குத்தான் மருந்து. உங்களுடையது உவராக, அதாவது தண்ணீரில் கரையும் உப்பு மிகுந்ததாக இருந்தால் ஜிப்சத்தால் ஒன்றும் ஆகாது, மழைத் தண்ணீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடிகாலில் வெளியேற்றத்தான் வேண்டும். எது என்று தெரிய மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள், திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். அவரை, பீன்ஸ் குடும்பம் உப்புக்கு முதலில் மடங்கும், அதை விட்டுவிடுங்கள். பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு ஓரளவு தாங்கும், விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுங்கள். இடம் இருந்தால் ஒரு பண்ணைக்குட்டை வெட்டி, ஐப்பசி கார்த்திகை மழையைப் பிடித்து வைத்து, போர் தண்ணீரோடு கலந்து பாய்ச்சுங்கள்.

சோழவரம்: அறுக்கிற நேரத்தில் மழை. நெல் சாய்ந்து கதிரிலேயே முளைக்கிறது. என்ன செய்வது?

வரப்பை உடைத்துத் தண்ணீரை விடுங்கள், இன்றைக்கே. சாய்ந்ததை நாலைந்து குத்தாகச் சேர்த்துக் கட்டி நிமிர்த்துங்கள், கதிர் தண்ணீரில் படுக்காமல் இருந்தாலே முளைப்பு குறையும். லிட்டருக்கு 50 கிராம் உப்பு கரைத்துக் கதிரில் தெளிப்பதும் முளைப்பைத் தள்ளிப் போடும். இனிமேலாவது நூற்றுக்கு எண்பது மணி மஞ்சளானதும் அறுத்துவிடுங்கள். முழுக்கக் காயட்டும் என்று காத்திருந்தால் உதிர்வதும் அதிகம், மழையில் மாட்டுவதும் அதிகம்.

ஈர நெல்லை மட்டும் குவித்து மூடி வைக்காதீர்கள். உள்ளே சூடேறி ஒரே ராத்திரியில் நிறம் மாறும், அப்புறம் செங்குன்றம் மண்டியில் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்கள். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் வழக்கமான வரம்பு, மழைக் காலத்தில் சில சமயம் தளர்த்துவார்கள், அதை நம்பி இருக்க வேண்டாம்.

அதே ஊர்தான் சார். காப்பீடு கட்டியிருக்கிறேன், என் வயல் மட்டும் மூழ்கியது. பணம் வருமா?

பிரதமர் பயிர்க் காப்பீட்டில் உங்கள் ஒரு வயலைப் பார்த்து மகசூல் இழப்பைக் கணக்கிடுவதில்லை. அறிவித்த பகுதி முழுவதற்கும் அறுவடைப் பரிசோதனை செய்து, சராசரி குறைந்திருந்தால்தான் தருவார்கள், நிறையப் பேருக்கு மனக்கசப்பு வருவதே இங்கேதான். ஆனால் அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டால் தனியாகக் கேட்கலாம். 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியிருக்க வேண்டும். முதலில் போட்டோ எடுத்து வையுங்கள். தனி வயல் மூழ்கியதற்கு உங்கள் பருவத்தில் இழப்பீடு உண்டா என்று வேளாண் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வியாசர்பாடி: மொட்டை மாடியில் பாகல் வைத்திருக்கிறேன். பிஞ்சு விரல் அளவு வந்ததும் மஞ்சளாகி விழுகிறது. வேப்பெண்ணெய் அடித்தும் நிற்கவில்லை ஐயா.

விழுந்ததை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கம்மா. உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈ. புழு இல்லாமல் சுத்தமாக இருந்தால் மகரந்தம் சேரவில்லை, அதற்கு எண்ணெய் என்ன செய்யும்? காலையில் ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிப் பாகல் மாதிரி இருக்கும் பெண் பூவில் தொட்டுவிடுங்கள். பழ ஈயாக இருந்தால் பிஞ்சுக்குக் காகிதப் பை மாட்டுங்கள். விழுந்ததை உரத்தொட்டியில் போடாதீர்கள், அங்கேயே கூட்டுப்புழுவாகித் திரும்ப வரும்.

செங்குன்றம்: எலி.

வரப்பைச் சிறிதாக்குங்கள், அகல வரப்புதான் அதற்கு வீடு. தஞ்சாவூர் கிட்டி என்கிற எலிப்பொறியை வையுங்கள், ஆந்தை உட்கார 'டி' வடிவக் குச்சி நடுங்கள். தனியாகச் செய்தால் பக்கத்து வயலிலிருந்து வரும், ஊரோடு சேர்ந்து செய்யுங்கள்.

கொடுங்கையூர்: ஊரிலிருந்து வந்த முழு உளுந்து மூட்டையில் இரண்டே மாதத்தில் வண்டு. எங்கள் வீட்டில்தான் ஏதோ சரியில்லையா?

வீட்டில் குற்றமில்லை. பயறு வண்டு செடியில் நெற்று முற்றும்போதே முட்டை வைத்துவிடும், மூட்டையோடு சேர்ந்துதான் பஸ் ஏறி வருகிறது. பயறின் தோல் மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருந்தால் அது முட்டை. வந்த அன்றே நல்ல வெயிலில் காயவைத்து, ஆறியதும் காற்றுப் புகாத டிரம்மில் நிறைத்து மூடுங்கள். உடைத்த பருப்பில் இந்த வண்டு அவ்வளவாக வராது, அதனால் பாதியை உடைத்துவிடுவது உத்தமம்.

மணலி: கீரை மார்க்கெட் போவதற்குள் வாடிவிடுகிறது.

வெயில் ஏறும் முன் பறியுங்கள். கட்டை இறுக்கிக் கட்டாமல் ஈரக் கோணி போட்டு மூடுங்கள், பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வெந்துவிடும். வண்டி வரும்வரை நிழலில் வையுங்கள்.