மலைமேல பிராய்லருக்கு மூலிகை: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம். தீவன மில்லுல ரொம்ப காலம் இருந்துட்டு இப்ப கொடைக்கானல் கீழ்மலையில பண்ணைக்காடு பக்கம் சின்னதா ஷெட் போட்டு கோழி வளக்குறேன். டாக்டர் இல்ல, ஊசி மருந்து பேரெல்லாம் கேக்காதீங்க. தீவனம், மூலிகை, குளிரு, இது மூணுந்தான்.

கோத்தகிரி செல்வி: அண்ணே, மஞ்சத்தூள் தீவனத்துல போடலாமா? எவ்ளோ?

போடலாம்மா. 100 கிலோ தீவனத்துக்கு அரைக் கிலோ, அதுக்கு மேல வேணாம். பாக்கெட் தூள் வேணாம், வெரலி மஞ்சள் வாங்கி அரைச்சுக்கங்க. எடை கூடுறத விட ஈரலுக்குத்தான் அது நல்லது. நம்ம பக்கம் மழை மாசத்துல மக்காச்சோளம் ஈரம் கோத்து பூசணம் புடிக்கும், அதுல வர்ற அஃப்ளாடாக்சின்ங்கிற நஞ்சு நேரா ஈரல அடிக்கும், மஞ்சளும் கீழாநெல்லியும் அதக் கொஞ்சம் தாங்க வைக்கும். அதுக்காக பூசணம் புடிச்ச சோளத்துல மஞ்சளக் கொட்டி சரி பண்ணிரலாம்னு நெனச்சா நடக்காது. சோளம் 13 சதவீத ஈரத்துக்குக் கீழ காயணும், மூட்டைய பலகை மேல அடுக்குங்க, சுவத்த ஒட்டி வைக்காதீங்க.

மன்னவனூர் பாண்டி: நாலாவது வாரத்துல நல்லா கொழுத்த கோழியாப் பாத்து வயிறு வீங்கி சாவுது, கொண்டை நீலமாயிருது. முருங்கை எல குடுத்தா சரியாகுமாண்ணே?

இந்தக் கேள்விக்காகத்தான் உக்காந்திருக்கேன். முருங்கையால ஆகாது தம்பி. வயித்துல தண்ணி கோக்குறது அது, அசைட்டிஸ்னு சொல்வாங்க. நீங்க கொடைக்கானல் மேல்மலை, 2000 மீட்டர் சொச்சம் உசரம், காத்துல பிராணவாயு கம்மி. பிராய்லர் ஒடம்பு கிடுகிடுன்னு வளருது, அதுக்கு ஈடா நெஞ்சும் நுரையீரலும் வளரல, குளிருக்கு ஒடம்பு சூடு பண்ண இன்னும் காத்து கேக்குது, இருதயத்தோட வலது பக்கம் பம்ப் பண்ணிப் பண்ணி வீங்கிப்போய் தண்ணி வயித்துல எறங்குது. அதான் வேகமா வளந்த கோழி முதல்ல போவுது. நீங்க இதுக்கு மேல வளத்திக்கு மூலிகை தேடுறீங்க! ரெண்டாவது மூணாவது வாரத்துல தீவனத்தக் கொஞ்சம் மட்டுப்படுத்துங்க, குருணைத் தீவனத்துக்குப் பதிலா மாவுத் தீவனம் போடுங்க, உப்பு கூடாம பாத்துக்கங்க. முதல் வாரம் குஞ்சுக்குக் கிட்ட 33 டிகிரி இருக்கணும், அப்புறம் வாரம் 3 டிகிரியாக் கொறைங்க. ஆனா சூடு வேணும்னு தார்ப்பாய நாலு பக்கமும் இழுத்துக் கட்டிறாதீங்க, உள்ள போனா எச்சத்து நெடியில உங்க கண்ணு எரிஞ்சா கோழி நெஞ்சு என்னாகும்? கரி அடுப்பு வேற வச்சிருந்தீங்கன்னா ராத்திரியில புகை மூட்டத்துல மொத்தமாப் போயிரும். மேல ஒரு சாண் திறந்து விடுங்க.

கீழ்மலையில இது கம்மி. முருங்கை எலத்தூள் 100 கிலோவுக்கு ஒண்ணு ரெண்டு கிலோ போடலாம், கூடுனா நார் ஏறி எடை கொறையும்.

குன்னூர்ல இருந்து: சார், மஞ்சள் அளவு சொல்லுங்க.

மேல இருக்கு.

பூம்பாறை வீட்டுக்காரர்: மலைப்பூண்டு விக்காத பொடிப்பல்லு மூட்டையாக் கெடக்கு, கோழிக்குப் போடலாமா?

தாராளமா. காய வச்சு அரைச்சு 100 கிலோவுக்கு அரைக் கிலோ. பூசணம் புடிச்ச பல்லு மட்டும் வேணாம்.

கோத்தகிரி செல்வி: ஐயோ அண்ணே, கறி பூண்டு நாத்தம் அடிக்கும்!

பூம்பாறை: எங்க பூண்டு நாத்தமா? வாசனம்மா அது.

கூடலூர் பையன்: ஹார்மோன் ஊசி போட்ட கோழிக்கு பூண்டு என்ன, தங்கமே போட்டாலும் ஒண்ணுதான்.

நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. செல்விம்மா, அரைக் கிலோ கணக்குல நாத்தம் வராது, வரும்னு தோணுச்சுன்னா கோழிய விக்கப் புடிக்கிறதுக்கு ஒரு வாரம் முந்தி நிறுத்திருங்க. கூடலூர் தம்பி, ஊசி கதைய விடு. வளத்தி ஹார்மோன் புரதம், தீவனத்துல போட்டா செரிச்சுப் போயிரும், ஊசின்னா அடிக்கடி குத்தணும், 2000 கோழிய தெனம் புடிச்சுக் குத்த எந்தப் பண்ணையில ஆள் இருக்கு? வேகமா வளர்றது இனப்பெருக்கத்துல தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்தது, அப்புறம் தீவனம். நீ கேக்க வேண்டியது ஆன்டிபயாட்டிக். வளத்திக்காக தீவனத்துல கலக்குறத ஐரோப்பாவுல 2006லயே நிறுத்திட்டாங்க, நம்ம நாட்டுல கோலிஸ்டின்ங்கிற ஆன்டிபயாட்டிக்க 2019ல தடை பண்ணாங்க. மூலிகைக்கு இவ்ளோ கிராக்கி அதனாலதான்.

கூடலூர் பையன்: அப்ப மூலிகை போட்டா எவ்ளோ எடை கூடும்ணே?

நேரா சொல்றேன், கொஞ்சந்தான். குடல்ல கெட்ட கிருமி கொறையும், செரிமானம் நல்லாருக்கும். ஷெட்டு சுத்தமா, தண்ணி சுத்தமா இருந்தா வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நம்பலேன்னா ஒரே பேட்ச ரெண்டாத் தடுத்து ஒரு பக்கம் மட்டும் போட்டு வாரா வாரம் எடை போட்டுப் பாரு.

ஊட்டி: நீலகிரி தைலம் தண்ணியில விடலாமா சார், சளிக்கு?

அப்படியே விட்டா எண்ணெ மேல மெதக்கும், முதல்ல குடிக்கிற குஞ்சுக்கு வாயும் தொண்டையும் வெந்துரும். தண்ணியில கரையிற மாதிரி வர்றத வாங்கி லேபிள்ல உள்ள அளவு பாத்து விடுங்க. அதுக்கு முன்னாடி தார்ப்பாயத் திறங்க.

பேர் போடாதவர்: வேப்பெல குடுத்தா வெள்ளக்கழிச்சல் தடுப்பூசி வேணாம்தானே?

வேணும். லசோட்டாங்கிற அந்தத் தடுப்பு மருந்த 5, 7 நாளுக்குள்ள போட்டே ஆகணும். வேப்பெல கூடுனா கசப்புக்குத் தீவனமே எடுக்காது.

தாண்டிக்குடி: கம்பெனி கோழி வளக்குறோம், நாங்களும் இதெல்லாம் கலக்கலாமா?

அக்ரிமெண்ட்ட பாருங்க. குஞ்சும் தீவனமும் அவங்களோடது, சூப்பர்வைசரக் கேக்காம எதையும் போடாதீங்க.

குன்னூர்: சார் மேல எங்க இருக்கு மஞ்சள் அளவு?

செல்விம்மா, நீங்களே சொல்லிருங்க. பூம்பாறைக்காரரே, அந்தப் பொடிப்பல்லு மூட்ட என்ன வெல சொல்றீங்க?