ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலைதானே என்று கேட்கும் ஓர் அம்மாவுக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பல்கலைக்கழகத்தில் ஐ.டி. படிப்பை முதலாண்டோடு விட்டுவிட்டு, மின்சாதனங்களைச் சோதித்துச் சீட்டுக் கட்டும் ‘டெஸ்ட் அண்ட் டேக்’ வேலைக்குப் போகிறேன் என்று மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான். “கரண்டோடு விளையாடுகிற வேலை, அதுவும் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. இதற்கா சிட்னிக்கு வந்து இத்தனை பாடுபட்டோம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். கரண்டைப் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு, அதற்கும் வருகிறேன்.

சுவருக்குள் ஓடும் வயரிங்கை அவன் தொடப்போவதில்லை, தொடவும் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் அதில் கை வைப்பது நியூ சவுத் வேல்ஸில் சட்டவிரோதம். பிளக்கில் செருகிப் பயன்படுத்தும் கெட்டில், டிரில், கிரைண்டர், எக்ஸ்டென்ஷன் வயர் போன்றவைதான் அவன் பொறுப்பு. ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 3760 என்பது இந்தச் சோதனைக்கான ஆஸ்திரேலிய, நியூசிலாந்து தரவிதி. அதன்படி சோதிப்பவர் எலக்ட்ரீஷியனாக இருக்க வேண்டும் என்பதில்லை. உரிய பயிற்சி பெற்றுத் தகுதி அடைந்தவராக இருந்தால் போதும். பத்தொன்பது வயதில் அவனால் உள்ளே நுழைய முடிவதற்குக் காரணமே அதுதான்.

இனி அந்த ஸ்டிக்கர். ஒரு கஃபேயின் சமையலறையில் சான்ட்விச் டோஸ்டரைச் சோதிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை கண்ணுக்கும் கைக்கும்தான். வயரை முழு நீளத்துக்கும் விரல்களுக்கு நடுவே ஓடவிட்டு வெட்டு, உருகல், நசுங்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்குக்குள் வயர் நுழையும் இடத்தில் மேலுறை விலகி, உள்ளே இருக்கும் பழுப்பு, நீல, பச்சை-மஞ்சள் நிற வயர்களில் ஏதாவது எட்டிப் பார்த்தால் கதை அங்கேயே முடிந்தது. சோதனை மெஷினில் செருகிப் பார்க்கத் தேவையே இல்லை. பெரும்பாலான பழுதுகள் இந்தக் கட்டத்திலேயே அகப்பட்டுவிடும். அதன் பிறகுதான் மெஷின். உலோக உடலிலிருந்து பிளக்கின் எர்த் கால் வரை மின்தடை 1 ஓமுக்கு மேல் போகக் கூடாது. அடுத்து 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷனை, அதாவது மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கும் காப்பைப் பார்க்க வேண்டும். அதன் தடை பொதுவாக 1 மெகாஓமுக்கு, அதாவது பத்து லட்சம் ஓமுக்குக் குறையக் கூடாது.

இந்த இடத்தில்தான் தொழில் தெரிந்தவனும் தெரியாதவனும் பிரிகிறார்கள். டோஸ்டரின் சுவிட்ச் ஆஃப் நிலையில் இருந்தால் சோதனை அந்தச் சுவிட்சோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் ஹீட்டர் கம்பி சோதிக்கப்படவே இல்லை. மெஷின் பச்சை விளக்கு காட்டும், சீட்டும் அச்சாகி வரும், பழுது உள்ளேயே இருக்கும். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி உள்ள சாதனம் இரட்டை இன்சுலேஷன் கொண்டது. அதற்கு எர்த் சோதனை கிடையாது. இதெல்லாம் புரிந்து செய்கிறவனுக்கு இது படிப்பு. புரியாமல் செய்கிறவனுக்கு, நீங்கள் சொன்னது சரி, ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலைதான்.

நான் கவலைப்படுவது சம்பளம் கணக்கிடப்படும் விதத்தைப் பற்றி. இந்தத் துறையில் பல ஒப்பந்தங்கள் ஒரு சாதனத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் போகின்றன. ஒரு நாளைக்கு எத்தனை சீட்டு என்பதுதான் பேச்சாகிவிட்டால் சுவிட்சை ஆன் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது. மெஷினில் செருகாமலேயே சீட்டு ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அந்தச் சீட்டில் சோதித்தவரின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ, சோதித்த தேதி, அடுத்து சோதிக்க வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். நாளை யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் தேடப்படுவது அந்தப் பெயரைத்தான். எனவே வேலையில் சேரும் முன் மகன் இரண்டு கேள்விகள் கேட்கட்டும். மணிக்கணக்கில் சம்பளமா, எண்ணிக்கையிலா? ஊழியராக எடுக்கிறார்களா, அல்லது ஏ.பி.என். என்னும் வணிகப் பதிவு எண் எடுத்து வா என்கிறார்களா? ஏ.பி.என். என்றால் அவன் தனி ஒப்பந்தக்காரன் ஆகிவிடுவான். விடுப்புச் சம்பளம் கிடையாது, ஓய்வூதிய சூப்பர் தொகையும் விபத்துக் காப்பீடும் பெரும்பாலும் அவன் தலையில்தான் விழும். முதல் வேலைக்குப் போகும் பையனுக்கு இதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

எந்த மாதிரி இடங்களுக்குப் போகப் போகிறான் என்பதையும் விசாரிக்கச் சொல்லுங்கள். ஈரம், சூடு, அதிர்வு, தூசி, இடிபடுதல் உள்ள இடங்களில்தான் முறையான சோதனையைப் பணியிடப் பாதுகாப்பு விதிகள் கேட்கின்றன. தொழிற்சாலைக்கும் பட்டறைக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கட்டுமானத் தளங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பது வழக்கம். பல கட்டுமானத் தளங்களில் சீட்டின் நிறமே பருவத்தைச் சொல்லும்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சிவப்பு, பிறகு பச்சை, நீலம், மஞ்சள். மேசை மேல் அசையாமல் இருக்கும் அலுவலகக் கணினிக்குத் தரவிதி சொல்லும் இடைவெளி ஐந்து ஆண்டு வரை போகும். ஆண்டுதோறும் எல்லாவற்றையும் சோதிக்கச் சட்டம் சொல்கிறது என்று அலுவலகங்களைப் பயமுறுத்தி வேலை பிடிக்கும் கம்பெனியில் அவன் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. (லண்டனிலும் இதே கூத்துதான். அங்கே இந்தச் சோதனையை ‘பாட்’ என்பார்கள். ஆண்டுதோறும் கட்டாயம் என்று அங்கேயும் சட்டம் இல்லை, நம்புகிறவர்கள் மட்டும் ஏராளம்.) கருவிகளை வாடகைக்கு விடும் கடை, பட்டறை, கட்டுமானத் தளம் ஆகியவை பழகுவதற்கு நல்ல இடங்கள். கட்டுமானத் தளத்துக்குள் கால் வைக்க ஒயிட் கார்ட் என்னும் பாதுகாப்புப் பயிற்சி அட்டை வேண்டும். ஒரே நாள் பயிற்சி, முடித்துவிடலாம்.

பயிற்சி இரண்டொரு நாளில் முடியும். ஆனால் எல்லாச் சான்றிதழும் ஒன்றல்ல. பதிவு பெற்ற பயிற்சி நிறுவனம் தரும், தேசியத் தகுதிப் பட்டியலில் உள்ள பாடத்துக்கான சான்றிதழைத்தான் வாங்க வேண்டும். வெறும் ‘கலந்துகொண்டார்’ என்ற காகிதத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். மெஷினைக் கையில் எடுத்துச் சோதிக்க வைக்காமல் ஆன்லைனில் கேள்வி பதிலோடு முடித்துவிடும் வகுப்பையும் தவிர்க்கலாம்.

இவ்வளவு சொன்னாலும், இதையே அவன் முப்பது வயது வரை செய்துகொண்டிருந்தால் எனக்கும் வருத்தம்தான். மேலே ஏற இதில் அதிகப் படிகள் இல்லை. அதனால் இதை எலக்ட்ரீஷியன் அப்ரண்டிஸ்ஷிப்புக்கு நுழைவாயிலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மூன்றாம் நிலைச் சான்றிதழ், வழக்கமாக நான்கு ஆண்டு, டேஃப் என்னும் அரசுத் தொழிற்பயிற்சிக் கல்லூரி வகுப்பும் வேலையும் சேர்ந்தே நடக்கும், முதல் நாளிலிருந்தே சம்பளம். முடித்தால் மாநில லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். பெரிய நிறுவனங்கள் ஆண்டுத் தொடக்கத்தில் ஆள் சேர்ப்பதற்கு முந்தைய ஆண்டின் நடுவிலேயே விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடும். உங்கள் பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் எண்டெவர் எனர்ஜியின் அறிவிப்பையும் அவன் கவனித்துவரட்டும். நுழைவுத் தேர்வில் கணக்கு கேட்பார்கள். முதலாண்டு ஐ.டி. படித்தவனுக்கு அது பெரிய தடையாக இருக்காது. அந்த ஓராண்டு வீணாகிவிட்டது என்ற புலம்பலை வீட்டில் நிறுத்திவிடுங்கள். நேர்காணலில் “மெகாஓம் மீட்டரை என் கையால் பிடித்திருக்கிறேன், பழுதான சாதனத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன்” என்று சொல்லக்கூடிய பையன் மற்றவர்களைவிட ஓரடி முன்னால் நிற்பான்.

ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டி, அதன் பெயரில் வேலை செய்ய ஏரியாவும் வேனும் வாங்கிச் சொந்தமாகத் தொடங்கலாம் என்று யாரோ அவனிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். உங்கள் சேமிப்பை அதில் போடாதீர்கள்.

ஊரில் இருக்கும் உங்கள் தம்பி மகன் இந்தச் சான்றிதழை வைத்து ஆஸ்திரேலியா வர முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இது எலக்ட்ரீஷியன் தகுதி ஆகாது. வெளிநாட்டில் பயின்ற எலக்ட்ரீஷியன்களை ‘டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா’ மூலம் தனியாக மதிப்பிடுகிறார்கள். பயிற்சிச் சான்றும் பல ஆண்டு வேலை அனுபவமும் செய்முறைச் சோதனையும் அதில் கேட்கப்படும். இரண்டு நாள் வகுப்பைக் காட்டி விசா வாங்கித் தருகிறேன் என்று ஏஜெண்ட் சொன்னால் கதவைச் சாத்திவிடச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வரும்போது மகனையும் அழைத்து வாருங்கள். அந்தக் கம்பெனி எழுத்தில் கொடுத்த வேலைக் கடிதம், பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல், டிரைவிங் லைசென்ஸ் மூன்றும் கையில் இருக்கட்டும். கடிதம் தர மறுக்கிறார்கள் என்றால் அதையும் வந்து சொல்லட்டும். வேறு இடம் பார்ப்போம்.