கம்ப்யூட்டர் பவர் சப்ளை கேபிளுக்கு ஸ்லீவ் (ஒயரை மூடும் பின்னல் உறை) போட, மதர்போர்டில் மாட்டும் 24 பின் கனெக்டரிலிருந்து பின்கள் கழன்று வர மறுக்கின்றன. என்ன செய்வது?

இழுப்பதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு பின்னின் இரு பக்கமும் ஒரு சிறு உலோகச் செதில் விரிந்து, பிளாஸ்டிக் படியில் மாட்டியிருக்கும். இழுக்க இழுக்க அது இன்னும் இறுகும்; கடைசியில் ஒயர்தான் பிய்ந்து கையோடு வரும்.

சுவிட்சை அணைத்து, மெயின் ஒயரையும் மதர்போர்டு கனெக்டரையும் கழற்றி, எந்த ஒயர் எந்த ஓட்டை என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒயரை கனெக்டருக்குள் முன்பக்கமாகத் தள்ளிப் பிடியுங்கள். செதில் மேலுள்ள அழுத்தம் அப்போதுதான் விடும். பலர் தவறவிடுவது இதைத்தான். அந்த நிலையிலேயே இரட்டைக் கால் எக்ஸ்ட்ராக்டரை (பின் கழற்றும் கருவி), மதர்போர்டில் மாட்டும் முன்வாய் வழியாக, பின்னின் இரு பக்கமும் அடிவரை செருகி, ஒயரை மெதுவாகப் பின்னால் இழுங்கள். எக்ஸ்ட்ராக்டர் இல்லையா? நிமிர்த்திய கெட்டியான ஸ்டேப்ளர் பின் இரண்டு போதும், சீக்கிரம் வளையும் என்றாலும்.

வழக்கமாக 13ஆம் ஓட்டையில் 3.3 வோல்ட் சென்ஸ் ஒயரும் (வோல்டேஜைக் கண்காணிக்கும் ஒயர்) சேர்ந்து இரண்டு ஒயர் இருக்கும். அது தடிப்பு, பொறுமை வேண்டும். 20ஆம் ஓட்டை காலியாக இருந்தால் பயப்படாதீர்கள், புதிய பவர் சப்ளைகளில் அப்படித்தான்.

திரும்பச் செருகுமுன் செதில்களைக் கத்திமுனையால் வெளியே விரித்துவிடுங்கள். மறந்தால் மதர்போர்டில் மாட்டும்போது பின் பின்புறமாக நழுவும். தொடர்பு தளர்ந்து சூடேறி கனெக்டர் உருகலாம்.

ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் சாட்டா கனெக்டரில் இந்த வித்தை பலிக்காது. அதில் ஒயர் பெரும்பாலும் உள்ளிருக்கும் உலோகப் பிளேடில் அழுத்தப்பட்டிருக்கும். பின்மூடியை நெம்பித் திறக்க வேண்டும்.