சுரங்கம் என்றாலே ஆபத்துதானே, அப்பர் பிக் பிராஞ்ச் வெடிப்புக்கு மக்கள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள்?

"நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு ஆபத்து தெரியாதா? 29 பேர் இறந்தது சோகம்தான், அதற்காக ஒரு நிறுவனத் தலைவரை ஊரே ஏன் வில்லனாக்கியது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்க வழக்கு பற்றிய செய்தியை எங்கோ படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சுரங்கக் காற்றோட்டமும் தூசிக் கட்டுப்பாடும் தெரிந்த யாரையும் இந்தக் கேள்வி உறுத்தும். அந்த மக்களின் கோபம் தொழில்நுட்ப ரீதியாகவே சரியான இடத்தில் விழுந்த கோபம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

2010 ஏப்ரல் 5, ஈஸ்டருக்கு மறுநாள், பிற்பகல் 3 மணி கடந்த நேரம். மேற்கு வர்ஜீனியா மாநிலம் மான்ட்கோல் என்ற இடத்தில், மாஸ்ஸி எனர்ஜி நிறுவனத்தின் கிளை நிறுவனம் நடத்திய அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்தது. 29 பேர் இறந்தார்கள். வெடிப்பில் சிக்கியவர்களில் இருவர் மட்டும் பிழைத்தார்கள்.

நிலக்கரியை வெட்டினால் மீத்தேன் வரும். அதை யாராலும் தடுக்க முடியாது, அது இயற்கை. ஆனால் காற்றில் மீத்தேன் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால்தான் வெடிக்கும். அமெரிக்க விதி அதற்கு வெகு கீழேயே கோடு போட்டிருக்கிறது. வேலை நடக்கும் இடத்தில் 1 சதவீதம் வந்தால் மின்சாதனங்களை நிறுத்திவிட்டுக் காற்றோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். 1.5 சதவீதம் வந்தால் ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும். வெட்டும் இயந்திரத்தில் பொருத்தியிருக்கும் மானி 1 சதவீதத்தில் எச்சரிக்க வேண்டும், 2 சதவீதத்தில் மின்சாரத்தைத் தானே துண்டிக்க வேண்டும். லாங்வால் முறையில், அதாவது நீளமான கரிச்சுவரின் குறுக்கே இயந்திரம் ஓடி வெட்டும் முறையில், வெட்டும் முகப்புக்குள் நிமிடத்துக்குக் குறைந்தது 30,000 கன அடி காற்று நுழைய வேண்டும்.

இங்கே என்ன நடந்தது? காற்று வெளியேறும் பக்கத்துப் பாதையில் கூரைக்குக் கூடுதல் முட்டுகள் இரண்டு வரிசை இருக்க வேண்டும் என்பது ஒப்புதல் பெற்ற திட்டம். ஒரு வரிசைதான் வைத்திருந்தார்கள். கூரை இடிந்து பாதை அடைபட்டது. அடைத்த இடத்தில் காற்று தேங்கும், காற்று தேங்கினால் மீத்தேன் சேரும். ஷியரர் எனப்படும் வெட்டும் இயந்திரத்தின் உருளையில் சில பற்களின் கடினமான கார்பைடு முனை தேய்ந்துபோயிருந்தது. முனை போன பல் கரியை வெட்டாது. அதன் எஃகு உடம்பு மணற்பாறையில் உராய்ந்து, பின்னால் பழுக்கக் காய்ந்த ஒரு கோட்டை விட்டுச் செல்லும். மீத்தேனைப் பற்றவைக்க அது போதும். அதற்காகத்தான் ஒவ்வொரு பல்லுக்கும் பின்னால் நீர்த்தெளிப்பான் வைக்கிறோம். அந்த உருளையில் ஏழு தெளிப்பான்களைக் காணவில்லை. தெளிப்பான் கழன்ற ஓட்டை திறந்தே கிடந்தால் தண்ணீர் அந்த வழியாகக் கொட்டிவிடும், மற்ற தெளிப்பான்களுக்கும் அழுத்தம் கிடைக்காது. பல் மாற்றுவதும் தெளிப்பான் மாட்டுவதும் ஒரு ஷிஃப்டுக்குள் முடிகிற வேலை. உதிரிபாகத்தின் விலையும் பெரிதில்லை. ஆனால் அந்த நேரத்துக்கு இயந்திரம் நிற்க வேண்டும், நின்றால் கரி வராது.

இவ்வளவு நடந்தும்கூட அது முகப்பின் ஒரு மூலையோடு நின்றிருக்க வேண்டிய தீ. அது சுரங்கத்துக்குள் இரண்டு மைலுக்கும் மேல் ஓடியதற்குக் காரணம் நிலக்கரித் தூசி. இதைத்தான் பொதுச் செய்திகளில் யாரும் சரியாக எழுதுவதில்லை. மீத்தேன் வெடித்ததும் முதலில் அழுத்த அலை ஓடும், அதன் பின்னால்தான் தீ வரும். அந்த அலை தரை, சுவர், கூரை எல்லாவற்றிலும் படிந்திருக்கும் கரித்தூசியைக் கிளப்பி மேகமாக்கும். பின்னால் வரும் தீக்கு அந்த மேகம்தான் எரிபொருள். எரிந்த தூசி புது அலையை உண்டாக்கும், அது மேலும் தூசியைக் கிளப்பும். தூசி தீரும்வரை ஓடும்.

இதை நிறுத்தும் மருந்து நூறு வருடமாகத் தெரிந்ததுதான்: நன்றாக அரைத்த சுண்ணாம்புக்கல் தூள். அதைப் பாதை முழுக்கத் தூவி வைத்தால், அலை கிளப்பும்போது கரித்தூசியோடு அதுவும் எழும்பி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், தீ தொடராது. அளவு முக்கியம். அப்போதைய விதிப்படி, புதுக்காற்று வரும் பாதைகளில் படிந்த தூசியில் எரியாத பகுதி 65 சதவீதம், காற்று திரும்பும் பாதைகளில் 80 சதவீதம் இருக்க வேண்டும். இந்த விபத்துக்குப் பிறகு, 2010 செப்டம்பரில், எல்லாப் பாதைக்கும் 80 என்று உயர்த்தினார்கள். ஒருமுறை தூவிவிட்டு மறந்துவிடவும் முடியாது. கன்வேயர் பெல்ட் ஓட ஓட மெல்லிய கரித்தூசி மேலே வந்து படிந்துகொண்டே இருக்கும். அடியில் எவ்வளவு வெள்ளைத் தூள் இருந்தாலும், மேலே காகித கனத்துக்கு, ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குக்குக் கரித்தூசி படிந்தாலே வெடிப்பு அதன்மேல் ஓடிவிடும். தூள் ஈரமானால் கட்டிதட்டிப்போய் எழும்பாது, பிறகு அது இருந்தும் இல்லாததுதான். ஆகவே வெட்டும் வேகத்துக்கு ஈடுகொடுத்துத் திரும்பத் திரும்பத் தூவ வேண்டும். அத்தனை மைல் பாதை கொண்ட அந்தச் சுரங்கத்தில் இந்த வேலைக்கு இருந்தது சின்னக் குழு. அவர்களையும் அடிக்கடி வேறு வேலைக்கு இழுத்துவிடுவார்கள். தூவும் இயந்திரமோ அடிக்கடி பழுதாகும் பழையது.

"தரையில் விரிசல் விட்டுத் திடீரென்று பெருமளவு இயற்கை வாயு பீறிட்டது, யாராலும் தடுத்திருக்க முடியாது" என்பது நிறுவனத்தின் வாதம். யாராவது இதைப் பின்னூட்டத்தில் எழுதப்போகிறீர்கள் என்று தெரியும். மத்திய சுரங்கப் பாதுகாப்பு நிர்வாகமும், மாநில ஆளுநர் நியமித்த டாவிட் மெக்கட்டீர் தலைமையிலான தனிக் குழுவும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அதை ஏற்றாலும்கூடத் தூசி பற்றிய கேள்விக்கு அதில் பதில் இல்லை. நான் தொழிற்சங்கத்துக்காகப் பேசுகிறேன் என்றும் யாராவது சொல்லலாம். அந்தச் சுரங்கத்தில் தொழிற்சங்கமே இல்லை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். முதல் இரவே கோபம் வெடித்தது. அதிகாலையில் தலைமை நிர்வாகி டான் பிளாங்கன்ஷிப் குடும்பங்களைச் சந்திக்க வந்தபோது கூட்டம் அவரைப் பார்த்துக் கத்தியது, நாற்காலி வீசினார்கள் என்று அன்றைய செய்திகள் கூறின. அந்த மலைப்பகுதி மக்களுக்குப் பழைய காயமும் இருந்தது. 2006 ஜனவரியில் அதே மாநிலத்தின் சாகோ சுரங்கம் வெடித்தபோது, தேவாலயத்தில் காத்திருந்த குடும்பங்களுக்கு 12 பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று தவறான தகவல் போய்ச் சேர்ந்தது. கொண்டாடினார்கள். சுமார் மூன்று மணி நேரம் கழித்து, பிழைத்தது ஒருவர்தான் என்றார்கள். அதன் பிறகு அங்கே எந்த அதிகாரி வாயைத் திறந்தாலும் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

ஆனால் நிலைத்து நின்ற கோபம் விசாரணை வெளிவந்த பிறகு வந்தது. சுரங்கத்தில் இரண்டு வகைப் பதிவேடுகள் இருந்தன. ஆபத்துகளை எழுதியது உள்ளே உற்பத்திக்கும் பராமரிப்புக்கும் வைத்த ஒன்று. சட்டப்படி ஆய்வாளர் பார்க்கும் புத்தகத்தில் அவை வரவில்லை. ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்குவதற்கு முந்தைய மூன்று மணி நேரத்துக்குள் ஒருவர் பாதைகளைச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். உள்ளே இறங்குகிறவர் தன் உயிரை அந்தப் புத்தகத்தை நம்பித்தான் ஒப்படைக்கிறார். அடுத்தது, ஆய்வாளர் வாசலில் நுழைந்ததுமே காவலாளி ரேடியோவில் சொல்லிவிடுவார், அங்கிருந்து தொலைபேசியில் அடிவரை தகவல் போகும். ஆய்வாளர் கீழே வந்து சேர்வதற்குள் காற்றை முகப்புக்குத் திருப்பும் காற்றுத்திரையைத் தொங்கவிட்டு, வெள்ளைத் தூளைத் தூவி முடித்துவிடுவார்கள். ஆய்வை முன்கூட்டியே அறிவிப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். சுரங்கத்தின் காவல் பிரிவுத் தலைவர் விசாரணையில் பொய் சொன்னதற்கும் ஆவணங்களை அழிக்கச் சொன்னதற்கும் மூன்று ஆண்டு சிறை பெற்றார்.

கணவனையும் மகனையும் இழந்தவர்கள் இதைத்தான் படித்தார்கள். ஆபத்தான வேலை என்று அவர்களுக்குத் தெரியும், தலைமுறைகளாக இறங்கியவர்கள். பாதுகாப்பானது என்று பொய்க் கையெழுத்துப் போட்ட இடத்துக்கு அனுப்பினார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை.

ஒரு விஷயத்தில் பொதுக்கோபம் தவறிப் பாய்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வாளர்கள் காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார்கள் என்று பலர் எழுதினார்கள். 2009இல் மட்டும் அந்தச் சுரங்கத்துக்கு 500க்கும் மேற்பட்ட விதிமீறல் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். நிறுவனம் அவற்றை மேல்முறையீடு செய்து இழுத்தடிக்க முடிந்தது. தொடர்ந்து மீறும் சுரங்கங்களின் எச்சரிக்கைப் பட்டியலில் இது வராமல் போனதற்கு ஒரு கணினி நிரல் பிழை காரணம். அது திறமைக்குறைவு. அதை அந்தத் துறையின் சொந்த ஆய்வே ஒப்புக்கொண்டது.

      

தண்டனையால் கோபம் இன்னும் ஏறியது. மாஸ்ஸியை வாங்கிய ஆல்ஃபா நிறுவனம் 2011 டிசம்பரில் 20.9 கோடி டாலருக்கு அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டது. இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 15 லட்சம் டாலர் கிடைத்தது, நிறுவனத்தின் மேல் குற்ற வழக்கு இல்லை. பிளாங்கன்ஷிப்பை 2015 டிசம்பரில் நடுவர் குழு ஒரே ஒரு குற்றத்தில் குற்றவாளி என்றது: பாதுகாப்பு விதிகளை வேண்டுமென்றே மீறச் சதி செய்தது. அமெரிக்கச் சட்டத்தில் அது சிறு குற்ற வகை. உச்ச தண்டனையே ஓராண்டு சிறையும் 2.5 லட்சம் டாலர் அபராதமும்தான், அதை முழுதாகவே கொடுத்தார்கள். பங்குச் சந்தை ஆணையத்திடம் பொய் சொன்னதாக இருந்த குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டிருந்தால் தண்டனை பல மடங்கு. முதலீட்டாளரை ஏமாற்றுவது பெரிய குற்றம், தொழிலாளியை ஏமாற்றுவது சிறு குற்றம் என்பதுதான் நீதிமன்ற வாசலில் குடும்பங்கள் பார்த்தது. தண்டனையைக் கடுமையாக்கும் மசோதா 2010 டிசம்பரிலேயே பிரதிநிதிகள் சபையில் தோற்றுவிட்டது.

வரவேண்டிய அளவுக்குக் கோபம் வராத இடம் ஒன்று உண்டு. பிரேதப் பரிசோதனையில் 24 பேரின் நுரையீரல் திசு ஆராயும் நிலையில் இருந்தது. அதில் 17 பேருக்குக் கரித்தூசியால் வரும் கருநுரையீரல் நோய் இருந்தது. அவர்களில் ஐந்து பேர் நிலக்கரிச் சுரங்கத்தில் பத்து வருடம்கூட வேலை பார்த்திராதவர்கள். உருளையில் காணாமல் போயிருந்த அதே நீர்த்தெளிப்பான்கள்தான் அந்தத் தூசியையும் அடக்கியிருக்க வேண்டியவை.