ஹோமியோ சீசாவில் 30, 200 என்றால் என்ன? இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. மழை வந்தாலே இழுப்பு. டாக்டர் தினமும் இன்ஹேலர் எடுக்கச் சொல்லியிருக்கிறார். மாமியார் சொன்னதால் ஹோமியோவும் பார்த்தோம். முதலில் ‘30’ தந்தார்கள், இப்போது ‘200’. வீரியம் கூட்டியாச்சே, இனி இன்ஹேலர் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். நிறுத்தலாமா? – ஒரு தாய், மார்த்தாண்டம்.

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. ஏன் என்பதற்கு நீங்கள் கேட்ட எண்களிலேயே பதில் இருக்கிறது.

ஹோமியோபதியைத் தொடங்கியவர் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன். அந்நாளில் மலேரியாவுக்குத் தந்த சின்கோனா பட்டையை 1790-ல் தானே சாப்பிட்டுப் பார்த்தார். குளிர்காய்ச்சல் போன்ற குறிகள் வந்ததாக எழுதினார். நல்ல உடம்பில் ஒரு பொருள் எந்தக் குறியை உண்டாக்குகிறதோ, அந்தக் குறியுள்ள நோயை அதுவே தீர்க்கும் என்று அதிலிருந்து முடிவுக்கு வந்தார். உள்ளி நறுக்கினால் கண்ணும் மூக்கும் ஒழுகும். அதனால் அப்படி ஒழுகும் ஜலதோஷத்துக்கு உள்ளியிலிருந்து செய்த அல்லியம் சீபா. நோய் ஒன்றானாலும் ஆளுக்கு ஆள் மருந்து மாறும் என்பது அடுத்த கொள்கை. பிள்ளை எப்படித் தூங்குகிறான், எதற்குப் பயப்படுகிறான் என்றெல்லாம் நெடுநேரம் விசாரிப்பது அதற்காகத்தான்.

சரி, எண்களுக்கு வருவோம். மூலப்பொருளில் ஒரு துளி, சாராயக் கலவை 99 துளி, நன்றாகக் குலுக்கினால் முதல் படி. அதிலிருந்து ஒரு துளி எடுத்து மறுபடி 99 துளியில் விட்டால் இரண்டாம் படி. இப்படி 30 தடவை செய்தது ‘30’, 200 தடவை செய்தது ‘200’. குலுக்கக் குலுக்க வீரியம் ஏறும் என்பது ஹானிமன் கொள்கை. ஆனால் பொருளின் அளவைப் பார்த்தால் 200 என்பது 30-ஐவிட நீர்த்தது. பேச்சிப்பாறை அணை நிறைந்து கிடக்கும்போது ஒரு துளி விட்டு முழுவதும் கலக்கினால், அது ஏழெட்டுப் படிக்குத்தான் சமம். 12 படி தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. ஆக, உங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு சீசாவிலும் சர்க்கரை உருண்டைதான் இருக்கிறது.

ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, ஹோமியோபதி பலன் தரும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் எந்த நோய்க்கும் இல்லை என்று 2015-ல் அறிவித்தது. என் கருத்தும் அதுவே. அப்படியென்றால் குணமான மாதிரி தெரிகிறதே என்பீர்கள். இழுப்பு தானாக ஏறி இறங்கும் நோய். நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. இடையில் பிள்ளை தெளிவாக இருப்பான். அப்போது கையில் எந்த மருந்து இருக்கிறதோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

தினமும் எடுக்கும் இன்ஹேலர் மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்கி வைக்கிறது. மருந்து மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. நிறுத்தினால் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து, ஒரு சளியோடு சேர்ந்து வரும். பேச முடியாமல் திணறினாலோ, விலா எலும்பிடையே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, உடனடி நிவாரண இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ பக்கத்து ஆஸ்பத்திரியோ, எது கிட்டயோ அங்கே.

உருண்டையைத் தொடர மாமியார் விரும்பினால், இன்ஹேலரோடு கூடவே கொடுப்பதில் பெரிய கேடு இல்லை. ஆனால் 3, 6 போன்ற சின்ன எண்களிலும் மதர் டிங்க்சரிலும் (படிப்படியாக நீர்க்காத மூலச்சாறு) மூலப்பொருள் நிஜமாகவே இருக்கலாம். ஆர்சனிக்கம் என்று பெயர் போட்டிருந்தால் அது பாஷாணம். டிங்க்சரில் சாராயமும் உண்டு. அவற்றைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

மூன்று மாதம் இழுப்பில்லாமல் இருந்தால் இன்ஹேலர் அளவைக் குறைக்கலாமா என்று எழுதித் தந்த டாக்டரிடமே கேளுங்கள். ஐப்பசிக்கு முன் ஒருதரம் கூட்டிப்போய், ஸ்பேசரை (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) பிடிக்கும் முறை சரிதானா என்று மகனை அவர் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள்.